பசிபிக் விளையாட்டுப் போட்டியில் பளுதூக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் 67 கிலோ பிரிவில் இந்தியாவின் ஜெரமி லால்ரின்னுங்கா தங்கம் வென்றார். வெள்ளி வென்றவர் சமோவாவின் வைபாவா யோவானே. அதே போட்டியின் 96 கிலோ பிரிவில் விகாஸ் தாக்கூருக்கு வெள்ளி. தங்கம் சமோவாவின் டான் ஒபெலோங்கேவுக்கு, வெண்கலம் பிஜி வீரருக்கு. இந்தியப் பளுதூக்குதலைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு இந்தத் தீவுப் பெயர்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். இவர்கள் உருவாகி வரும் களம் பசிபிக் விளையாட்டுப் போட்டி. நம் பத்திரிகைகளில் அதைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட வருவதில்லை. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

பசிபிக் விளையாட்டுப் போட்டி என்பது என்ன?

பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் 22 தீவு நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி நடத்தும் விளையாட்டு விழா. 1963-ல் பிஜியின் தலைநகர் சுவாவில் 'தென் பசிபிக் விளையாட்டு' என்ற பெயரில் தொடங்கியது. 2011-ல் நியூ கலிடோனியாவின் நூமெயாவில் நடந்தபோது பெயரிலிருந்து 'தென்' போய்விட்டது. பிஜி, சமோவா, தொங்கா, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் போன்ற தனி நாடுகளோடு, பிரான்சின் ஆளுகையில் உள்ள நியூ கலிடோனியாவும் தஹிதியும், அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள குவாமும் தனித்தனி அணிகளாக வருகின்றன. ஒலிம்பிக்கில் பிரான்சின் கொடியின் கீழ் நிற்க வேண்டிய ஒரு நியூ கலிடோனியக்காரர் இங்கே தன் தீவின் பெயரால் மேடை ஏறலாம். அந்த மக்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

கடைசியாக 2023 நவம்பர், டிசம்பரில் சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் நடந்தது. அடுத்தது 2027-ல் தஹிதியில். பெரிய அரங்குகள் கட்ட வசதியில்லாத தீவுகளும் நடத்துவதற்கென்றே இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சிறிய போட்டி நடக்கிறது; 2025-ல் அதை பலாவு நடத்தியது.

இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் இதேபோல ஒரு போட்டி உண்டு. 1979-ல் ரீயூனியனில் தொடங்கியது. தமிழ் வம்சாவளியினர் வாழும் ரீயூனியனும் மொரீஷியஸும் அதில் பங்கேற்கின்றன, அங்கும் பளுதூக்குதல் உண்டு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பளுதூக்குதலும் வலுதூக்குதலும் ஒன்றா?

இல்லை. இரண்டும் வெவ்வேறு விளையாட்டுகள், பசிபிக் போட்டியில் இரண்டுமே இடம்பெற்றுள்ளன என்பதால் செய்தி படிக்கும்போது கவனம் வேண்டும். வலுதூக்குதலில் தோளில் எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுவது, பெஞ்சில் படுத்துத் தள்ளுவது, தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவது என்று மூன்று வகை. அது ஒலிம்பிக்கில் இல்லை. பளுதூக்குதலில் இரண்டே வகை: ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். ஸ்னாட்சில் தரையில் கிடக்கும் கம்பியை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் தோளுக்கு, பிறகு அங்கிருந்து தலைக்கு மேல். மீராபாய் சானு, கர்ணம் மல்லேஸ்வரி, வேலூர் சதீஷ் சிவலிங்கம் எல்லாரும் செய்வது இதைத்தான்.

ஒரு போட்டி எப்படி நடக்கும்? பார்த்தால் புரியவில்லையே.

போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வீரர்களின் உடல் எடை பார்க்கப்படும். அப்போதே ஒவ்வொருவரும் தம் முதல் முயற்சிக்கான எடையை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்னாட்சுக்கு மூன்று முயற்சி, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு மூன்று. இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் மொத்தம்.

மேடை நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் சதுரம். ஆண்களுக்கான கம்பி 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. தட்டுகளின் எடையை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. தட்டு நழுவாமல் இருக்க இரு முனைகளிலும் போடும் பூட்டு ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. ஆக, ஆண்கள் கம்பியில் பக்கத்துக்கு மூன்று சிவப்புத் தட்டு இருந்தால் மொத்தம் 175 கிலோ என்று அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்பே நீங்கள் கணக்குப் போட்டுவிடலாம்.

கம்பியில் எடை ஏறிக்கொண்டுதான் போகும், இறங்காது. குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். அழைத்ததும் ஒரு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால் இரண்டு நிமிடம். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால் முயற்சி செல்லும். முழங்கை ஒரே மூச்சில் நேராகாமல் மடங்கி, பிறகு தள்ளி நிமிர்த்தப்பட்டால் சிவப்பு விளக்கு. எடை மேலே நின்றதே, ஏன் சிவப்பு என்று பார்வையாளர்கள் திகைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

மேடையில் தெரிவது பாதி ஆட்டம். மீதி, பின்னால் பயிற்சி அறையில் நடக்கிறது. எந்த எடைக்கு எப்போது மாற்றிக் கேட்பது, எதிராளியை எப்போது முதலில் தூக்க வைப்பது என்று பயிற்சியாளர்கள் கடைசி நொடி வரை காகிதத்தோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் 94 கிலோ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பப்புவா நியூ கினியின் ஸ்டீவன் கரி ஸ்னாட்சில் கனடாவின் போடி சான்டவியைவிட 14 கிலோ பின்தங்கியிருந்தார். கரியின் கடைசி முயற்சிக்குக் கம்பியில் 216 கிலோ ஏற்றப்பட்டது. அதைத் தூக்கினால் 370, சான்டவியின் 369-ஐவிட ஒரே ஒரு கிலோ அதிகம். தூக்கினார். விகாஸ் தாக்கூர் அந்தப் போட்டியில் வெண்கலம் வென்றார். அந்த 216 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது கணக்கு. அதைத் தலைக்கு மேல் நிறுத்தியது கரியின் கால்கள்.

பசிபிக் போட்டியில் ஒரே ஆள் எப்படி மூன்று தங்கம் வாங்குகிறார்?

ஒலிம்பிக்கில் மொத்த எடைக்கு மட்டும்தான் பதக்கம். பசிபிக் போட்டியில் ஸ்னாட்சுக்கு ஒன்று, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு எடைப் பிரிவிலும் மூன்று தங்கம். 20 பிரிவுகள் இருந்தால் 60 தங்கம் என்று ஆகிறது. இதனால் பதக்கப் பட்டியல் வீங்குகிறது, பளுதூக்குதலில் வலுவான நாடு மேலே ஏறிவிடுகிறது என்ற குறை நெடுங்காலமாக உண்டு.

குறை சொல்பவர்களின் கணக்கு சரிதான், ஆனால் நான் இந்த முறையை ஆதரிக்கிறேன். உலகப் பளுதூக்குதல் சாம்பியன்ஷிப்பிலும் இதே மூன்று பதக்க முறைதான். காமன்வெல்த் போட்டியிலும் 2002 வரை இப்படித்தான் இருந்தது. தவிர, இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஸ்னாட்ச் மூன்று முயற்சியும் தவறினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. இங்கே அவர் திரும்பி வந்து கிளீன் அண்ட் ஜெர்க்கில் தங்கமே வெல்லலாம். கடல் கடந்து, விமானம் மாறி மாறி வந்து சேர்ந்த ஓர் இளைஞருக்கு ஐந்து நிமிடத் தடுமாற்றத்தால் எல்லாம் போய்விடாது.

பட்டியலை வைத்து எந்த நாடு பெரியது என்று பார்ப்பதைவிட, தூக்கப்பட்ட கிலோவைப் பாருங்கள். பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியில் தூக்கினாலும் பர்மிங்காமில் தூக்கினாலும் கிலோ மாறுவதில்லை. இந்த வட்டாரப் போட்டியின் தரத்தை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவு சின்னத் தீவுகளில் இவ்வளவு பேர் எப்படி? உடல்வாகா?

சமோவா, தொங்கா மக்களின் பருத்த உடல்வாகைப் பார்த்து எல்லாரும் சொல்லும் விடை இது. முழு விடை ஆகாது. பளுதூக்குதல் எடைப் பிரிவு வாரியாக நடப்பது. உடல் பெரிதாக இருந்தால் பெரிய உடல்களோடுதான் மோத வேண்டும். தீவுகளின் மிகச் சிறந்த வீரர்களில் பலர் சிறிய உடல்காரர்கள். நவூருவின் மார்கஸ் ஸ்டீபன் 60 கிலோ சுற்றிலேயே தூக்கியவர். பப்புவா நியூ கினியின் மொரெயா பாரு 61, 62 கிலோ பிரிவுகளில் 2018, 2022 இரண்டு காமன்வெல்த்திலும் வெள்ளி வென்றவர். அவர் நாட்டின் டிகா தூவா 50 கிலோவை ஒட்டிய எடையுடையவர்.

செலவும் இடமும் முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து. பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஒரு தீவில் நல்ல கால்பந்து அணி ஒன்றைத் திரட்டுவது கடினம். திரட்டினாலும் அது யாரோடு விளையாடிப் பழகும்? நீச்சல் குளம், செயற்கை ஓடுதளம் எல்லாம் கோடிகளில் போகும். பளுதூக்குதலுக்கு ஒரு மேடை, ஒரு கம்பி, தட்டுகள், கூரை போதும். கூரை இல்லாமலும் நடந்திருக்கிறது. தனியாள் விளையாட்டு என்பதால் ஒரே ஒரு திறமைசாலி கிடைத்தாலும் ஒரு நாடு சர்வதேச அரங்கில் நிற்கலாம்.

துவாலுவைப் பாருங்கள். மக்கள்தொகை ஏறக்குறைய பதினோராயிரம், நம் ஊர்ப் பெரிய பேரூராட்சி ஒன்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 2008-ல் துவாலு முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனபோது அனுப்பிய மூவரில் ஒருவர் பளுதூக்கும் வீரர் லொகோனா எசாவ். 2013-ல் வாலிஸ் ஃபுட்டூனாவில் நடந்த பசிபிக் சிறு விளையாட்டில் துவாலுவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவரும் பளுதூக்கும் வீரர்தான், துவாவு லாபுவா லாபுவா.

இன்னொரு காரணம் குடும்பம். சமோவாவின் ஒபெலோங்கே குடும்பத்தில் எலே, நியூசிலா, மேரி, டான் என்று உடன்பிறந்தவர்கள் வரிசையாக மேடை ஏறியிருக்கிறார்கள். வீட்டிலேயே ஓர் அக்கா கம்பி தூக்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது எட்டாத உயரமாகத் தெரிவதில்லை.

மார்கஸ் ஸ்டீபன் யார்? ஏன் எல்லாரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

தீவுகளின் பளுதூக்குதல் வரலாற்றை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரிக்கலாம்.

நவூரு 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தனிக் குடியரசு. அங்கிருந்து மெல்பர்னுக்குப் படிக்கப் போன ஸ்டீபன், பால் காஃபா என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். 1990 ஆக்லாந்து காமன்வெல்த்தில் 60 கிலோ பிரிவு ஸ்னாட்சில் தங்கம் வென்றார். நவூருவுக்கு அதுதான் முதல் காமன்வெல்த் தங்கம். 1994-ல் மூன்று தங்கம், 1998-ல் மூன்று தங்கம். ஐந்து வெள்ளியையும் சேர்த்தால் காமன்வெல்த்தில் மட்டும் பன்னிரண்டு பதக்கம். 1999-ல் ஏதென்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பின் 62 கிலோ பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 172.5 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அது வட்டாரப் போட்டி அல்ல. உலகமே கூடியிருந்த இடம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக் வந்தபோது நவூருவுக்கு ஒலிம்பிக் சங்கமே கிடையாது. அதனால் அவர் சமோவாவுக்காகக் களமிறங்கினார். பிறகு சங்கம் அமைந்து, 1996 அட்லாண்டாவில் நவூரு முதன்முதலாக ஒலிம்பிக்கில் அணிவகுத்தது. அணியில் மூன்று பேர். மூவரும் பளுதூக்கும் வீரர்கள். ஒரு நாட்டின் ஒலிம்பிக் வாசலை ஒரு விளையாட்டு இப்படித் திறந்துவிட்டது வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பின்னர் அரசியலுக்கு வந்து 2007 முதல் 2011 வரை நவூருவின் அதிபராக இருந்தார்.

தீவுகளில் பயிற்சி எங்கே கிடைக்கிறது?

அதே பால் காஃபா தீவு வீரர்களுக்கென்று தங்கிப் பயிலும் ஒரு நிலையத்தை உருவாக்கினார். ஓசியானியா பளுதூக்குதல் பயிற்சி நிலையம் என்று பெயர். அது ஒரே ஊரில் இருக்கவில்லை. பிஜியின் சிங்கடோகா, சமோவா, நியூ கலிடோனியா, நவூரு என்று இடம் மாறிக்கொண்டே வந்தது. கிரிபட்டி, துவாலு, பப்புவா நியூ கினி, பிஜி என்று பல தீவுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் தூக்கிப் பழகினார்கள். ஒரு தீவில் தனியாகப் பழகுபவருக்குப் பக்கத்தில் தன்னைவிட வலுவானவர் இருக்க மாட்டார். இங்கே தினமும் இருந்தார். போட்டி நாளில் எதிரெதிரே நிற்பவர்கள் பலர் ஒரே சமையலறைச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் என்பதால்தான் பசிபிக் மேடையின் பின்புறத்தில் இவ்வளவு சிரிப்பும் அணைப்பும் தெரிகின்றன.

பெண்கள் பிரிவு எப்படி?

டிகா தூவாவிலிருந்து தொடங்க வேண்டும். போர்ட் மோர்ஸ்பியில் கடல்மீது தூண் வீடுகள் நிற்கும் ஹனுவாபாடா ஊர்க்காரர். ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்குதல் முதன்முதலாக இடம்பெற்றது 2000 சிட்னியில். அங்கே முதல் நாளில் முதல் ஆளாக மேடை ஏறிக் கம்பியைத் தூக்கியவர், அப்போது பதினாறு வயதான தூவா. ஒலிம்பிக் வரலாற்றில் பளு தூக்கிய முதல் பெண் ஒரு பசிபிக் தீவுப் பெண் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2020 டோக்கியோ போட்டிக்கும் அவர் போனார், அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். மீராபாய் சானு வெள்ளி வென்ற அதே 49 கிலோ பிரிவில்தான் அவரும் தூக்கினார்.

பிஜியின் லெவுகாவில் பிறந்த ஐலீன் திகமத்தனா 2018 காமன்வெல்த்தில் பிஜிக்காகத் தங்கம் வென்றார். பிறகு பிஜி சங்கத்தோடு கருத்து வேறுபாடு வந்து ஆஸ்திரேலியாவுக்கு மாறி, 2022-ல் அந்நாட்டுக்காகத் தங்கம் வென்றார். பிஜி ரசிகர்களுக்கு அது இன்னும் வலிக்கும் விஷயம். திறமையை வளர்ப்பதைப் போலவே அதைத் தக்கவைப்பதும் சங்கங்களின் வேலை என்பதை நம் நாட்டு நிர்வாகிகளும் நினைவில் வைக்கலாம்.

சாலமன் தீவுகளின் ஜென்லி தெகு வினி 2018-ல் 58 கிலோ பிரிவில் வென்ற வெண்கலம்தான் அவர் நாட்டுக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் பதக்கம்.

எலே ஒபெலோங்கேவின் ஒலிம்பிக் பதக்கக் கதை உண்மையா?

உண்மை. 2008 பெய்ஜிங்கில் பெண்களுக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் சமோவாவின் எலே ஒபெலோங்கே மொத்தம் 269 கிலோ தூக்கினார். வெண்கலம் போன எடை 270. ஒரு கிலோ வித்தியாசத்தில் நான்காம் இடம், வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

சேமித்து வைக்கப்பட்டிருந்த அந்தப் போட்டியின் மாதிரிகளை எட்டு ஆண்டுகள் கழித்துப் புதிய முறைகளில் மறுபடி சோதித்தார்கள். வெள்ளி வென்றவர், வெண்கலம் வென்றவர் இருவருமே ஊக்கமருந்து பயன்படுத்தியது தெரியவந்தது. இருவரின் பதக்கங்களும் பறிக்கப்பட, ஒபெலோங்கே நான்காம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தார். சமோவாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கிடைத்ததே என்று மகிழலாம். ஆனால் பெய்ஜிங் மேடையில் சமோவாவின் கொடி ஏறுவதைக் காணும் அந்த மாலையை அவருக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. இடையில் 2010-ல் டெல்லி காமன்வெல்த்தில் அவர் தங்கம் வென்றார் என்பது ஒரு நிறைவு.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஏன் கலந்துகொள்கின்றன?

2015 போர்ட் மோர்ஸ்பி போட்டியிலிருந்து சில விளையாட்டுகளுக்கு மட்டும் இரு நாடுகளும் அழைக்கப்படுகின்றன. பளுதூக்குதல் அவற்றில் ஒன்று. பணக்கார நாடுகள் வந்து பதக்கத்தை அள்ளிவிடும் என்ற அச்சம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் தீவு வீரர்கள் அஞ்சி ஒதுங்க வேண்டிய விளையாட்டு இதுவல்ல. அழைப்பு அளவோடு இருக்கும் வரை நல்லதே.

2019-ல் மீராபாய் சானு சமோவாவில் தங்கம் வென்றாரே, அது பசிபிக் தங்கமா?

இல்லை. ஆனால் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2019 பசிபிக் போட்டியைத் தொங்கா நடத்துவதாக இருந்தது. செலவு தாங்காது என்று 2017-ல் தொங்கா பின்வாங்க, சமோவா ஏற்றுக்கொண்டது. ஜூலையில் ஆப்பியாவில் பசிபிக் பளுதூக்குதல் நடந்தபோதே காமன்வெல்த் பளுதூக்குதல் சாம்பியன்ஷிப்பும் அங்கே சேர்த்து நடத்தப்பட்டது. மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 191 கிலோ தூக்கித் தங்கம் வென்றது காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில். ஒரே மேடை, ஒரே நாள், வெவ்வேறு பதக்கப் பட்டியல். பார்வையாளருக்குத் தலை சுற்றும்; செலவு பங்கிடப்படுவதால் சிறிய நாடுகளுக்கு இது கைகொடுக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உலகத் தரத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

நம் வீரர்களும் இவர்களும் நேருக்கு நேர் மோதிய போட்டிகள் எவை?

நிறைய. மறக்க முடியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

2010 டெல்லியில் 77 கிலோ பிரிவுத் தங்கம் நவூருவின் யுகியோ பீட்டருக்கு. அடுத்த இரண்டு காமன்வெல்த்திலும், 2014-லும் 2018-லும், அதே 77 கிலோ தங்கத்தை வென்றவர் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம். நவூருவிலிருந்து வேலூருக்கு வந்த பட்டம் என்று தமிழ் ரசிகர்கள் பெருமையாகச் சொல்லலாம்.

2014 கிளாஸ்கோவில் பெண்கள் 53 கிலோவில் முதலில் வந்த நைஜீரிய வீராங்கனை ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். டிகா தூவாவுக்குத் தங்கம், சந்தோஷி மட்சாவுக்கு வெள்ளி, சுவாதி சிங்குக்கு வெண்கலம் என்று மூவருக்கும் ஒரு படி ஏற்றம். 2018-ல் அதே பிரிவில் சஞ்சிதா சானு தங்கம், தூவா வெள்ளி.

2018-ல் 85 கிலோவில் ஆந்திராவின் ராகல வெங்கட் ராகுல் 338 கிலோ தூக்கி, டான் ஒபெலோங்கேவை ஏழு கிலோ வித்தியாசத்தில் வென்றார். நான்கு ஆண்டு கழித்து ஒபெலோங்கே 96 கிலோ பிரிவுக்கு ஏறி 381 கிலோவோடு தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதே 2018-ன் 69 கிலோ பிரிவு இலங்கைக்கும் இனிமையானது. இந்திக திசாநாயக்க வெள்ளி, இந்தியாவின் தீபக் லாதர் வெண்கலம். சமோவாவின் வைபாவா யோவானே கடைசி முயற்சிகளில் கம்பியை நிறுத்தியிருந்தால் லாதர் பதக்கமில்லாமல் போயிருப்பார். யோவானே விடாமல் உழைத்து, 2022-ல் 67 கிலோவில் வெள்ளியோடு நின்றார். தொடக்கத்தில் சொன்ன, ஜெரமிக்கு அடுத்து வந்த பதக்கம் அதுதான்.

மேடையில் நடனமாடிய கிரிபட்டி வீரர் யார்?

டேவிட் கட்டோவாட்டாவு. 2014 கிளாஸ்கோவில் 105 கிலோ பிரிவில் அவர் வென்ற தங்கம்தான் கிரிபட்டியின் முதல் காமன்வெல்த் பதக்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தூக்கி முடித்ததும், தவறியபோதும்கூட, மேடையிலேயே ஆடினார். தொலைக்காட்சியில் பலர் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். அவர் ஆடியது தன் நாட்டின்மீது உலகத்தின் பார்வை விழ வேண்டும் என்பதற்காக. கிரிபட்டியின் பெரும்பகுதி நிலம் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தைத் தாண்டாத பவளத் திட்டு. கடல் ஏறினால் போக அங்கே மேட்டு நிலம் இல்லை. மூன்று ஒலிம்பிக்கில் அந்த நாட்டின் கொடியைச் சுமந்தவர் அவர். அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பழைய பசிபிக் சாதனைகளை இன்றையவற்றோடு ஒப்பிடலாமா?

நேரடியாக முடியாது. எடைப் பிரிவுகளைச் சர்வதேசச் சம்மேளனம் 2018-ல் மாற்றியது, 2025 ஜூனில் மறுபடி மாற்றி ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு எட்டு என்று ஆக்கியது. ஒவ்வொரு மாற்றத்திலும் சாதனைப் பட்டியல் புதிதாகத் தொடங்கும். சம எடையில் முடிந்தால் வெற்றி யாருக்கு என்ற விதியும் மாறிவிட்டது: முன்பு உடல் எடை குறைந்தவருக்கு, இப்போது அந்த எடையை முதலில் எட்டியவருக்கு.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கைகளைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். எடை பறப்பது கால் உந்தலில்தான். அடுத்து, மூன்றாம் முயற்சிக்கு ஒருவர் எவ்வளவு கூட்டிக் கேட்கிறார் என்று பாருங்கள். ஒரு கிலோ கூட்டினால் இடத்தைக் காக்கிறார். ஆறேழு கிலோ கூட்டினால் தங்கத்துக்கு முழுப் பந்தயம் கட்டுகிறார். பெரிய எடைப் பிரிவுகளுக்காகக் காத்திருக்காமல் சிறிய பிரிவுகளிலிருந்தே பாருங்கள், வேகமும் நுட்பமும் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

பசிபிக் போட்டி 2027-ல் தஹிதிக்குப் போகிறது. அதற்கு முன் 2026 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை கிளாஸ்கோ காமன்வெல்த்தில் பத்து விளையாட்டுகளுக்கு மட்டுமே இடம். ஹாக்கியும் மல்யுத்தமும் வெளியே போய்விட்டன, பளுதூக்குதல் இருக்கிறது. சமோவா, பிஜி, நவூரு, பப்புவா நியூ கினி என்ற பெயர்களை அந்தப் பட்டியலில் முதலில் தேடுங்கள்.